உரல்கசத்தின் வெள்ளைக்கோடு

அக்டோபர் 11, சனி

உரல்கசத்தில் மறுபடியும் குளிக்க விடப்போகிறார்களாம். தீபாவளியன்று திறப்பு. டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் மூடிக் கிடந்த கசம் அது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் அங்கே காவல் இருந்தவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த நோட்டு யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன். தேசியப் பூங்காவின் வாசலிலிருந்து காட்டுக்குள் ஒன்றரை மைல் நடந்தால் அருவி. எண்பதடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பாறையைக் குடைந்து உரல் போல ஒரு பள்ளம் செய்திருக்கிறது. நடுவில் ஆழம் இருபதடி. ஆழமான தண்ணீரை எங்கள் பக்கம் கசம் என்போம். இறங்கவும் ஏறவும் ஒரே ஒரு படிக்கட்டு. மற்ற பக்கமெல்லாம் வழுக்குப் பாறை.

வலது பக்கப் பாறையில் ஒரு வெள்ளைக்கோடு உண்டு. அதைப் போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தகர டப்பாவில் மழை பிடித்து அளந்து, மூன்று மழைக்காலம் கரையில் உட்கார்ந்து பார்த்து, நானே கண்டுபிடித்த இடம் அது. கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் குளிக்கலாம். மூழ்கினால் எல்லாரையும் ஏற்றிவிட வேண்டும். படித்த அதிகாரி ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இப்போதும் அதே விதிதான் என்று நோட்டீஸில் இருக்கிறது. என் பெயர் மட்டும் இல்லை.

அந்தப் பழைய விபத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். நடந்தது இதுதான். கோடு மூழ்கி வெள்ளம் வந்தது. நான் மூன்று முறை விசில் ஊதினேன். தண்ணீரில் நின்ற என் கூட்டாளி பட்டமுத்து குடித்திருந்தான், காதில் வாங்கவில்லை, வெள்ளத்தோடு போனான். விசாரணையில் இப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியும் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிரந்தரம் ஆக்குகிறோம், ஆக்குகிறோம் என்று பதினோரு வருடம் தினக்கூலியாக வைத்திருந்து, ஒரே நாளில். பதினேழு மனு போட்டேன். பதில் இல்லை.


அக்டோபர் 13, திங்கள்

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வாசலில் வனவர் கிளாட்சன். நாகர்கோவில் பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். "அய்யா, வயசானவங்க அவ்ளோ தூரம் நடக்கணுமா? போட்டோ இருக்கு, காட்டட்டுமா?" என்றான். நான் நடந்தேன்.

படிக்கட்டுக்குப் புதிதாகக் கம்பி போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குப் புது பெயின்ட். பக்கத்தில் பச்சைப் பலகை: "வெள்ளைக்கோடு தெரியும்போது மட்டுமே குளிக்க அனுமதி."

படியில் காக்கிச் சட்டை, சேலைக்கு மேலே. கழுத்தில் விசில். யாரென்று பார்த்தால் முப்பிடாதி. பட்டமுத்துவின் மகள். கசத்துக்குப் பொறுப்பாக அவளைத்தான் போட்டிருக்கிறார்களாம். அப்பன் சாகும்போது அவளுக்குப் பதினோரு வயது. அதே நெற்றி.

"வாங்க பெரிப்பா. வேவு பாக்க வந்தியளோ?"

"ஏளா, இந்த வேலைக்கு ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும். விசிலும் ஊதிப் பாத்துட்டேன். அக்கரையில மேயுத மாடு திரும்பிப் பாக்குது. எங்கப்பாவுக்கு மட்டும் எப்பிடிக் கேக்காமப் போச்சோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பலகையைப் பார்த்தபடி நின்றேன்.

"பலகைல எதும் தப்பிருக்கா?" என்று கேட்டாள்.

என் பெயர் இல்லை என்றேன். அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

திரும்பி வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். வெகு நாளாக இவ்வளவு தூரம் நடக்கவில்லை. அதனால்தான்.


அக்டோபர் 14, செவ்வாய்

அரிசி, மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி, இருமல் மருந்து. பலகையைப் பற்றி யோசிக்கக் கூடாது.


அக்டோபர் 16, வியாழன்

நேற்றுக் காலையிலிருந்து மழை. டப்பாவில் எழுபத்தொரு மில்லிமீட்டர்.

என் வீட்டிலிருந்து அருவியின் சத்தம் கேட்கும். கோடையில் யாரோ கதவுக்கு வெளியே மூச்சு விடுவது போல. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரியும். இந்தச் சத்தம் இருக்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கும். சத்தம் இருந்தால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இருபத்திரண்டு வருடமாக நான் ஆற்றில் இறங்கியதில்லை. குளிப்பது வாளித் தண்ணீரில். பயம் என்று ஊரில் சொல்கிறார்கள். பயமில்லை, ஜாக்கிரதை.


அக்டோபர் 17, வெள்ளி

தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். மத்தியானம் மூன்று மணிக்கு மலையில் ஒரு சத்தம் கேட்டது. இடி இல்லை. பத்து லாரியில் கல்லைக் கொண்டுவந்து ஒரே நேரத்தில் கொட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அருவிக்கு மேலே இடுக்குவாசல் என்று ஒரு இடம். இரண்டு மலை நெருங்கி, ஆறு ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கும். சத்தம் அந்தத் திசையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

மழையில் காது ஏமாற்றும்.


அக்டோபர் 18, சனி

மழை. வெளியே போகவில்லை. சத்தம் இருக்கிறது.


அக்டோபர் 19, ஞாயிறு

கிளாட்சன் வண்டியில் போகும்போது நிறுத்திக் கேட்டேன். கோடு இரண்டடி மூழ்கியிருக்கிறதாம்.

"அப்போ நாளைக்குத் திறக்க மாட்டீங்களே?"

"கோடு தெரிஞ்சா திறப்போம் அய்யா. தெரியலன்னா இல்ல. உங்க ரூல்தானே?"

என் ரூல்தான். முதல் தடவையாக ஒருவன் அதை என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறான். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

பலகையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதை இங்கே எழுதுவதில் தப்பில்லை. மழை விட்டு, தண்ணீர் மெல்ல மெல்ல வடிந்து கோடு தெரிந்தால் அது நல்லது. நேற்றுவரை மூழ்கிக் கிடந்த கோடு ஒரே காலையில் திடீரென்று தெரிந்தால் அது வேறு. அப்படியானால் மேலே எங்கோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. தண்ணீர் வடியவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. அடைப்பு தாங்கும்வரை தாங்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? அந்த விபத்து நடந்து ஒரு மாதம் கழித்துத் தனியாக மேலே ஏறினேன். இடுக்குவாசலில் பனைமர உயரத்துக்குப் பாறையில் சேற்றுத் தடம் ஒட்டியிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. இறங்கி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அன்று கோடு தெரிந்ததா என்று அடுத்த கேள்வி வரும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். வேண்டாம். இதுவரை ஒரு பக்கமும் கிழித்ததில்லை.

சாயங்காலம் மழை விட்டது.


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிகாலையிலிருந்து தெருவெல்லாம் வெடி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைச் சாப்பிட்டேன். பத்து மணி வாக்கில் பிள்ளைகளிடம் வெடி தீர்ந்து தெரு அமைதியானது.

அமைதி என்றால் முழு அமைதி. சுவரில் கை வைத்தேன். ஒன்றும் இல்லை.

எப்போதிலிருந்து சத்தம் நின்றது என்று எனக்குத் தெரியாது. வெடிச் சத்தத்தில் நான் கவனிக்கவில்லை. அதிரசம் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. வாசலில் டிக்கெட் கொடுப்பவர் கூப்பிட்டார், நிற்கவில்லை. வழியெல்லாம் புதுத் துணி உடுத்திய ஜனம். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகளை உரல்கசத்தில் குளிக்க வைப்பது முன்பு எங்கள் ஊர் வழக்கம். அதை மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

அருவி இரண்டு விரல் அகலத்துக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வெள்ளியன்று கொஞ்சம் சரிந்த மண், ராத்திரி மீதியும் சரிந்து ஆற்றை முழுதாக அடைத்திருக்க வேண்டும். கோடு தண்ணீருக்கு ஒன்றரை அடி மேலே, புதுப் பெயின்டில் பளிச்சென்று. கசத்துக்குள் நாற்பது, ஐம்பது பேர். மஞ்சள் கயிறு காயாத பெண்கள் இடுப்பளவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளாட்சனிடம் போனேன். எல்லாரையும் ஏற்று என்றேன்.

"ஏன் அய்யா? தண்ணி குறைஞ்சுதானே இருக்கு?"

"அதனாலதான் ஏத்தச் சொல்லுதேன். மேல இடுக்குவாசல்ல ஆறு அடஞ்சு கெடக்கு."

"கூடினா ஏத்தணும், சரி. குறைஞ்சாலும் ஏத்தணும்னா எப்பதான் குளிக்கிறது? மேல ஆள் அனுப்பி இடுக்குவாசலப் பாக்கச் சொல்றேன். ஒரு மணி நேரத்துல தகவல் வந்துடும்."

ஒரு மணி நேரம். அங்கே நின்ற ஒரு மாப்பிள்ளை, ஈரத் தலையோடு, "தாத்தாவுக்கு எண்ணெய் தேச்ச சூடு தலைக்கு ஏறிட்டு போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

முப்பிடாதி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு படி இறங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் போனதில்லை.

"ஏளா, விசிலை ஊது."

"எதுக்கு? கோடு தெரியுதுல்லா. நீங்க போட்ட கோடு."

"அன்னைக்கும் தெரிஞ்சுது."

அவள் என்னைப் பார்த்தாள். "என்னைக்கு?"

"ஒங்கப்பன் செத்த அன்னைக்கு."

"அன்னைக்கு முங்கியிருந்துச்சுன்னுல்லா நீங்க எழுதியிருக்கீய. நான் படிச்சிருக்கேன், பெரிப்பா. இந்த வேலைல சேந்த அன்னைக்கே பழைய ஃபைல எடுத்துப் படிச்சேன்."

"பொய். மூணு நாள் முங்கிக் கெடந்துட்டு அன்னைக்குக் காலைல திடீர்னு தெரிஞ்சுது. இந்தா, இதே மாதிரி. அருவி இப்பிடித்தான் ஒழுகுச்சு. கோடு தெரியுதுன்னு நான்தான் தெறந்தேன். படியில மரக்கொப்பு அடஞ்சு கெடந்துது, எறங்கி எடுத்துப் போடுன்னு ஒங்கப்பன அனுப்புனதும் நான்தான்."

கிளாட்சன் கேட்டுக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றான். அப்போது எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

"குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"விசிலு?"

"வாயிலதான் இருந்துது. ஊதல. ஊத வரல."

அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி, விசிலை வாயில் வைத்து ஊதினாள். நிறுத்தவே இல்லை. மூச்சு வாங்கி வாங்கி ஊதினாள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. கிளாட்சனும் ஒருவழியாகக் கையைத் தட்டிக்கொண்டு, "ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்று கத்தினான். ஒற்றைப் படிக்கட்டு. ஈரச் சேலைகள். கம்பியைப் பிடித்து ஒவ்வொருவராக ஏறி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

ஒன்றும் வரவில்லை.

கால் மணி, அரை மணி. மேட்டுப்பாறையில் ஜனம் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி என்னைப் பார்த்தது. "மாப்பிள்ளையக் குளிக்க விடாத ஊரு ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றது ஒரு குரல். சிலர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இரண்டு பேர் மறுபடி இறங்கப் பார்த்தார்கள். முப்பிடாதி படியின் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "என்னத் தாண்டிப் போகணும்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த அரை மணி நேரத்தில் எனக்கு இரண்டு பயம் இருந்தது. வெள்ளம் வந்துவிடுமோ என்று ஒன்று. வராமலே போய்விடுமோ என்று இன்னொன்று. வராவிட்டால் சொன்னதெல்லாம் வீண். சொன்னதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

முதலில் காற்று வந்தது. குளிர்ந்த காற்று, கிழிந்த இலை வாசனையோடு. அருவியின் தலையில் இருந்த குருவிகளெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பிறகு பாறை அதிர்ந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மரமும் மண்ணும் கல்லும் சேர்ந்து ஒரு சிவந்த சுவர் எண்பதடி மேலிருந்து கவிழ்ந்தது. கோடு, பலகை, கம்பி, படிக்கட்டு எதுவும் தெரியவில்லை. முப்பிடாதி எழுந்து நாலு எட்டில் மேலே வந்துவிட்டாள். அவள் உட்கார்ந்திருந்த படி போய்விட்டது.

யாரும் கத்தவில்லை. முறுக்குத் தின்றவர்கள் கையில் முறுக்கோடு நின்றார்கள். தலை எண்ணினோம். எல்லாரும் இருந்தார்கள்.


அக்டோபர் 21, செவ்வாய்

காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கிறது. அந்த மாப்பிள்ளை மாமனாரோடு வந்து காலில் விழுந்தான். கிளாட்சன் ஒரு கிலோ லட்டு கொண்டுவந்தான். பூங்கா வாசலில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போடப்போகிறார்களாம். பலகையில் புது விதி எழுதி, கீழே என் பெயரும் போடுவார்களாம்.

"மத்ததெல்லாம் பழைய கதை அய்யா. நான் ஒண்ணும் கேட்டுக்கல" என்று மெதுவாகச் சொன்னான்.

நல்ல பையன்தான். லட்டை வாங்கி வைத்தேன். இவ்வளவு காலம் நான் கேட்டதெல்லாம் ஒரே காலையில் வந்து நிற்கிறது. ஒரு நிமிடம், ஒரு நிமிடம்தான், இப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது.

மத்தியானம் முப்பிடாதி வந்தாள். காக்கிச் சட்டை இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கம்மாட்ட நீங்க வந்து சொல்லணும்."

"நீ சொல்லிருக்கலாமே."

"சொன்னேன். நம்ப மாட்டேங்கா. மொதல்ல நீங்க சொன்னத அவ நம்பல. ஊரே சொல்லச் சொல்ல நம்பிட்டா. இப்ப சாராய வாசம் அடிச்சுது, நானே மோந்தேங்கா."

உடம்பு சரியில்லை, இரண்டு நாள் போகட்டும் என்றேன். இருமிக் காட்டினேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு. நீங்க வரலன்னா நான் இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதைவிட நேற்று அந்தப் படியில் இறங்கியது எளிது.


அக்டோபர் 22, புதன்

போனேன்.

முப்பிடாதியின் அம்மா ராசகனிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பட்டமுத்துவின் பெண்டாட்டியாக நான் கடைசியாகப் பார்த்தபோது தலை கறுப்பு. தரையில் உட்கார்ந்து சீனி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோடு தெரிந்ததைச் சொன்னேன். நான் திறந்ததைச் சொன்னேன். அனுப்பியதைச் சொன்னேன். குடிக்கவில்லை என்று சொன்னேன். அதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள், சொன்னேன். எதனால் அப்படி எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை. பதில் தயாராக வைத்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம், மேலதிகாரி சொல்லிக்கொடுத்தது, இன்னும் சில. ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

முப்பிடாதி கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

ராசகனி அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"போதைல இருந்திருப்பாரு, ஒண்ணும் தெரியாமப் போயிருப்பாருன்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன் அண்ணாச்சி. வலி தெரிஞ்சிருக்காது, பயந்திருக்க மாட்டாருன்னு. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துது."

முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"தெரிஞ்சுதான் போனாரா?"

"ஆமா."

"கூப்ட்டாரா?"

இதை நான் விசாரணையில் எழுதவில்லை. முப்பிடாதியிடம் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவிக்கு அது நல்லதாகக்கூட இருந்திருக்கும். ஆனால் மறுபடியும் அவள் முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கூப்ட்டான்" என்றேன். "ரெண்டு தடவ. ஆவுடையண்ணே, ஆவுடையண்ணேன்னு. என்னப் பாத்துக்கிட்டே."

அவள் எழுந்து உலையைப் பார்க்க உள்ளே போனாள். முப்பிடாதியும் போய்விட்டாள். என்னை இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நறுக்கி முடிக்காத அவரைக்காய்க்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அரிசி கொதிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலே அவள் அழும் சத்தமும் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.